கையை எடுத்தால் வண்டி போகும்!

விக்ரோலியில் ஃபாஸ்ட் லோக்கல் நிற்பதில்லை. காலை நேரத்தில் பிளாட்பாரத்தில் நிற்பவரின் கண் முன்னாலேயே மூன்று நான்கு வண்டிகள் பறந்துவிடும். பிறகு வருகிற ஸ்லோ வண்டியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று தொற்றிக்கொண்டு அவர் வேலைக்குப் போவார். ரெயிலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு மிச்சம் இருக்க நியாயமே இல்லை.

ஆனால் அதே மனிதர், ஒரு மேஜை மேல் பொம்மை ரெயில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்கிறார். அங்கே போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். அது தப்பில்லை. பெரிய ரெயில் ஆளை இடித்துத் தள்ளுகிறது. சின்ன ரெயில் ஆளைச் சின்னப் பிள்ளையாக்குகிறது.

சின்னப் பிள்ளையானதோடு நின்றால் பரவாயில்லை. அதற்கு மேலும் நடக்கிற காரியங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்கெல்லாம் ஓடுகிறது?

மாதுங்காவிலும் செம்பூரிலும் நவராத்திரி வந்தால், கொலுப்படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பிப் பூங்கா வைத்து, அதைச் சுற்றி ரெயில் விடுகிற வீடுகள் உண்டு. கணபதி விழாவில் லோக்கல் வண்டியையும் வி.டி. ஸ்டேஷனையும் அட்டையில் செய்து பிள்ளையாருக்குப் பின்னால் நிறுத்துகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் எப்படியும் ஒரு மூலையில் ஒரு ரெயில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்கள் புனேவுக்குப் போகலாம். அங்கே கோத்ரூட் பகுதியில் ஜோஷி குடும்பத்தாரின் குட்டி ரெயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-இல் திறந்தார்கள். பாவு ஜோஷி என்ற தனி மனிதரின் பொழுதுபோக்கு அங்கே ஒரு நகரமாகவே வளர்ந்து நிற்கிறது. விளக்கை அணைத்து இரவாக்கிவிட்டு, குட்டித் தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் வண்டிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

இந்த ரெயில்களில் பல அளவுகள் உண்டு. உலகத்தில் அதிகம் புழங்குவது அசலில் 87-இல் ஒரு பங்கு. 20 மீட்டர் நீளமுள்ள ரெயில் பெட்டி அந்தக் கணக்கில் ஒரு சாண். 12 பெட்டி லோக்கல் ஏறக்குறைய ஒன்பது அடி. ஐந்தரை அடி ஆசாமி இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தில் ஓடி, சக்கரத்தின் வழியாக எஞ்சினுக்குள் இருக்கிற மோட்டாருக்குப் போகிறது.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம்.

விரல் நீட்டும் வீரர்

முதல் பேர்வழி, கண்ணால் பார்த்தால் பார்த்தது ஆகாது என்ற கொள்கை உடையவர். 'தொடாதீர்கள்' என்று மராட்டி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைத்திருப்பார்கள். அவர் மூன்றையும் படிப்பார். படித்துக்கொண்டே தொடுவார். யாராவது கேட்டால், "தமிழ்ல எழுதலையே!" என்று மொழிப் பற்றைக் காட்டுவார்.

அவர் நீட்டுகிற விரல் ஏழு சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குட்டி உலகத்தில் அது ஆறு மீட்டர். தண்டவாளத்தின் குறுக்கே வேரோடு சாய்ந்த மரம்! அவர் சாப்பிடுகிற வடா பாவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் துணுக்கு விழுந்தால், கர்ஜத்–லோணாவளா மலைப்பாதையில் மழைக்காலத்தில் உருண்டு வருகிற பாறைக்கு அது சமம்.

துணுக்கையாவது பொறுக்கி எறிந்துவிடலாம். விரலில் இருக்கிற வியர்வையும் எண்ணெயும்தான் பெரிய வில்லன். தண்டவாளத்தில் எண்ணெய்ப் பசை ஏறினால் தூசி ஒட்டும். தூசி ஒட்டினால் சக்கரத்துக்கு மின்சாரம் சரியாகப் போகாது. வண்டி விக்கி விக்கி ஓடும், பிறகு நிற்கும். வண்டி விட்டவர் ஸ்பிரிட்டும் துணியுமாக மண்டி போட்டுத் தண்டவாளம் முழுவதையும் துடைப்பார். சுண்டல் வாங்கிய கையோடு கொலு ரெயிலை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகிற மாமாக்களுக்கு இது தெரிவதில்லை. "என்ன, வண்டி நின்னு போச்சு? சைனா சாமானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போகிறார்கள்.

விலை கேட்பவரும் குற்றம் காண்பவரும்

இரண்டாவது ஆசாமி தொட மாட்டார். விலை கேட்பார். "அண்ணாச்சி, இந்த எஞ்சின் என்ன விலை?" பதில் வந்ததும் மேஜையில் இருக்கிற பெட்டி, சிக்னல், மரம், மாடு எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டுவார். "இந்தக் காசுக்கு ஊர்ல வீட்டுக்கு ஓடு மாத்தியிருக்கலாமே!" பத்து வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டியவர் என்ன சொல்வார்? சிரிப்பார். சிரித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி, அது உண்மைதானோ என்று யோசிப்பார்.

மூன்றாமவர் மேதை. பிழை கண்டுபிடிக்கவே வருகிறவர். "இந்த எஞ்சின் ஓடின காலத்துல இந்த நிறப் பெட்டி கிடையாது. சிக்னல் கை தப்பான பக்கம் இருக்கு." அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் கொடுமை. ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆறு வயதுப் பெண் குழந்தை அப்போதுதான் குகைக்குள் போன வண்டி மறுபக்கம் வெளியே வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவள் காதுக்குள் சரித்திரப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நான்காமவர் கைபேசிக்காரர். குகை வாயில் கையை நுழைத்து வீடியோ எடுப்பார். மலைக்கு முன்னால் முகத்தை வைத்து செல்ஃபி எடுப்பார். அவர் முதுகில் தொங்குகிற பை அந்த நேரத்தில் ஒரு கிராமத்தையே வாரிக்கொண்டு போயிருக்கும்.

கூரை மேல் ஓர் அதிகாரி

இதெல்லாம் இந்தியர்களுக்கே உரிய குணம் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இந்தியாவின் முதல் பயணி ரெயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. இன்றைய விக்ரோலி இருக்கிற வழியாகத்தான் போயிற்று. மறு ஆண்டு, 1854-இல், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி ஜப்பானுக்குப் பரிசாக நீராவியில் ஓடும் ஒரு குட்டி ரெயிலைக் கொண்டு போனார். அசலில் கால் பங்கு அளவு. யோகோஹாமாவில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னக் குழந்தை உட்காரக்கூட இடம் போதாது.

பார்க்க வந்த ஜப்பானிய அதிகாரிக்கு ஆசை தாங்கவில்லை. பெட்டியின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மணிக்கு இருபது மைல் வேகத்தில், நீண்ட அங்கி காற்றில் பறக்க, கூரையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். மும்பையில் கூரைப் பயணம் செய்கிற இளைஞர்களுக்கு மூதாதை யார் என்று இப்போது தெரிந்திருக்கும். ஒரே வித்தியாசம், அவர் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி இல்லை.

குவாலியரிலும் ஒரு ரெயில் உண்டு. சிந்தியா மகாராஜாவின் ஜெய் விலாஸ் அரண்மனைச் சாப்பாட்டு மேஜை மேல் ஓடிய வெள்ளி ரெயில். இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருந்தாளிகளுக்கு மதுவையும் சுருட்டையும் அதுதான் சுமந்துகொண்டு வரும். கண்ணாடிக் குப்பியைக் கையில் எடுத்தால் வண்டி நிற்கும். திரும்ப வைத்தால் வண்டி நகரும். எத்தனை நல்ல ஏற்பாடு! குப்பியை எடுத்தவர் பேச்சுச் சுவாரசியத்தில் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால், மேஜையின் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் வராது. எடுத்தவர் வைத்தால்தான் மற்றவர்களுக்கு வண்டி. கண்காட்சி மரியாதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

'மோத விடுங்க, பார்ப்போம்!'

எதிரெதிர்த் திசையில் இரண்டு வண்டிகள் வருவதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். "ரெண்டையும் மோத விடுங்கண்ணே, பார்ப்போம்!" பெரியவர்தான் கேட்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தடம் மாறி, நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைப்புக்காகத் தெற்கே கிளம்பியவர்கள் அவர்களில் ஏராளம். வேறு மாநிலத்தில் வேலை செய்கிற எவருக்கும் அந்த முன்பதிவில்லாப் பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிக்னல் இணைப்பு வேலையில் நடந்த தவறுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

ஒரு வண்டி குறுக்கே வந்தால் இன்னொன்று தானாக நிற்க வேண்டும் என்பதற்குத்தான் குட்டி ரெயில் விடுகிறவர் மாதக்கணக்கில் சிக்னலும் பாயின்டும் வைத்துக் கம்பி இழுக்கிறார். மோதாமல் இருப்பதுதான் அங்கே வித்தை. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்கிற பெரியவர் ஒருவராவது வேண்டாமா?

மும்பைப் புறநகர் ரெயில் பாதைகளில் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2,400-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்களே அதிகம். அப்படிக் கடந்தால் ரெயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கிறது, நடைபாலமும் இருக்கிறது. கால் மட்டும் தண்டவாளத்தில் இறங்குகிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையைக் கடக்கிற தகப்பன், கண்காட்சியில் அதே பிள்ளையிடம் "தண்டவாளத்துல கை வைக்காதே" என்று சொன்னால் அது எப்படி எடுபடும்?

கயிற்றுக்கு உள்ளே இருப்பவர்கள்

குற்றம் பார்வையாளர்கள் பக்கம் மட்டும் இல்லை. வண்டி விடுகிற அன்பர்களிலும் சிலர் உண்டு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்களுக்குள் டீ குடித்துக்கொண்டு, போன கண்காட்சிக் கதையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். பத்து வண்டி வரிசையாக நிற்கும், ஒன்றும் ஓடாது. கேட்டால், "கொஞ்சம் இருங்க, பாயின்ட் சரியில்லை" என்பார்கள். அந்தக் கொஞ்சம் என்பது மழைக்காலத்து லோக்கல் அறிவிப்பு மாதிரி. எப்போது முடியும் என்று அறிவித்தவருக்கே தெரியாது.

இதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. சட்டை மடிப்புக் கலையாத கனவான் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி எஞ்சினைத் தூக்கிப் பார்க்கிறார். "சார், ப்ளீஸ் சார்" என்று குழைகிறார்கள். ரப்பர் செருப்பு போட்ட பையன் ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். "ஏய், தள்ளி நில்!" என்கிறார்கள். தொட்டவருக்கு ப்ளீஸ், தொடாதவனுக்கு அதட்டல். அந்தப் பையன் ஒரு வண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட மாட்டான். ஆனால் அதட்டியவரின் கண் அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது அவனுக்குத் தெரியும். அந்த வயதில் தெரிந்துகொள்கிற விஷயங்கள் லேசில் மறப்பதில்லை.

முன்வரிசை யாருக்கு?

அந்தப் பையன் விக்ரோலி பார்க் சைட்டிலிருந்தோ தாராவியிலிருந்தோ வந்திருக்கலாம். ராத்திரி ரெயில் சத்தத்தில் தூங்கி, காலையில் ரெயில் சத்தத்தில் எழுகிறவன். ஆனால் அவன் ரெயிலை முழுசாகப் பார்த்தது கிடையாது. பெரிய ரெயில் அவனுக்கு ஒரு சத்தம், ஒரு தள்ளுமுள்ளு, கதவில் தொங்குகிற கால்கள். முகப்பிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே பார்வையில் பார்ப்பது, பாயின்ட் எப்படி விலகுகிறது, சிக்னல் எப்படி விழுகிறது என்று மேலிருந்து பார்ப்பது, இந்த மேஜைக்கு முன்னால்தான் நடக்கும். பிற்காலத்தில் அவன் மோட்டார்மேன் ஆகலாம். சிக்னல் பொறியாளர் ஆகலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தான் என்பதே போதும்.

அந்த ஒரு மணி நேரமும் அவன் என்ன பார்க்கிறான்? முன்னால் நிற்கிற பெரியவர்களின் பேன்ட்டையும் இடுப்புப் பட்டையையும்! முழங்கையைக் கயிற்றில் ஊன்றி, தாதரில் இடம் பிடித்தது போல முன்வரிசையை அவர்கள் பிடித்துவிடுகிறார்கள். பின்னால் இருந்து ஒரு தலை நுழைந்தால், "ஏலே, இடிக்காதல!" என்று விரட்டுகிறார்கள். வண்டி பத்துத் தடவை சுற்றி வந்தாயிற்று. அவர்கள் நகரவில்லை. மேம்பாலம் எப்போது முடியும் என்று ஆண்டுக்கணக்கில் பொறுமையாக இருந்தவர்கள் விக்ரோலி மக்கள். 2025 ஜூன் மாதம்தான் அது திறந்தது. அத்தனை பொறுமைசாலிகளால் ஒரு பிள்ளைக்காக ஒரு சுற்று விட்டுக்கொடுக்க முடியாதா?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய குட்டி ரெயில் உலகம் இன்று உலகப் புகழ் பெற்றது. 87-இல் ஒரு பங்கு அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெயில்கள் அங்கே இருக்கின்றன. ஆண்டில் சில நாட்கள், 'டிக்கெட் வாங்க எனக்கு வசதி இல்லை' என்று வாயால் சொன்னாலே போதும், சும்மா உள்ளே விடுகிறார்கள். ரேஷன் கார்டு கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை. வருகிறவரை நம்புகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது மட்டும் பாதுகாப்பு இல்லை. நம்பி உள்ளே விடப்பட்டவன் கை நீட்டுவதற்கு ஒரு தடவை யோசிப்பான்.

நம் ஊரிலும் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாத காரியங்கள்தான். மேஜைக்கு முன்னால் குழந்தைகளுக்கென்று இரண்டு முழம் இடம் கயிறு கட்டி ஒதுக்கலாம். உயரம் போதாத பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு பெஞ்சு போடலாம். தொட்டே தீர வேண்டும் என்கிறவர்களுக்காக ஓடாத பழைய எஞ்சின் ஒன்றைத் தனியாக வைத்து, 'இதைத் தொடலாம்' என்று தமிழிலும் எழுதி வைக்கலாம். ஒரு வண்டியாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஐந்து சுற்று பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் வரலாம். உயரம் உள்ளவர்களுக்குப் பின்னால் நின்றாலும் தெரியும்.

விக்ரோலிப் பிள்ளைகளுக்கு நிற்காமல் ஓடுகிற வண்டிகளை நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால் மறுபடி மறுபடி வந்து போகிற வண்டி இந்தக் குட்டி ரெயில் ஒன்றுதான். பெரியவர்கள் கயிற்றிலிருந்து கையை எடுத்தால் அது அவர்களுக்கும் தெரியும்.